முகத்துக்கு ஒரு நோட்டு: சருமக் குறிப்பேடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது வருடமாக என் தோலுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. முகத்தைக் கெடுத்துக்கொண்டு, பிறகு பொறுமையாக மீட்டெடுத்த ஒருத்தி, அவ்வளவுதான். அலுவலகத்திலும் சொந்தக்காரர் வீடுகளிலும் இந்த நோட்டைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முகத்தைப் பார்க்கக் கண்ணாடி இருக்கிறதே, நோட்டு எதற்கு?

கண்ணாடி இன்றைய முகத்தைத்தான் காட்டும். போன மாதம் எப்படி இருந்தது, நடுவில் என்னென்ன பூசினோம் என்பதெல்லாம் நம் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அந்த ஞாபகத்தை நம்பக் கூடாது என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தங்கை கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, முகம் பளிச்சென்று ஆகும் என்று சொல்லி ஒரு பார்லரில் சின்ன டப்பாவில் க்ரீம் கொடுத்தார்கள். டப்பாவில் பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லை. இரண்டே வாரத்தில் முகம் மெழுகு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணம் முடிந்தும் விடவில்லை. பிறகு ஒரு நாள் குழம்பு தாளிக்கும்போது அடித்த ஆவியே முகத்தில் நெருப்பாய்ப் பட்டது. க்ரீம் பூசாத நாளில் கன்னம் சிவந்து எரிந்தது, பூசினால் அடங்கியது.

தோல் டாக்டர் நான்கே கேள்விதான் கேட்டார். என்ன பூசினீர்கள், எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எப்போது நிறுத்தினீர்கள். ஒன்றுக்கும் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர்” என்றேன். வீட்டுக்கு வந்து, பார்லருக்குப் பணம் அனுப்பிய செய்திகளை மொபைலில் தேடினேன். ஏழு மாதம். நான் பொய் சொல்ல நினைக்கவே இல்லை, ஆனால் சொன்னது பொய்யாகிவிட்டது. அன்று சாயங்காலமே மகனின் அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன்.

நோட்டில் எழுதுவதா, மொபைல் ஆப்பா?

எது கைக்கு வருமோ அது. எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். பல் தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மொபைலைத் திறந்தால் மற்ற செய்திகளுக்குள் மூழ்கிவிடுவேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில ஆப்கள் உங்கள் முகத்தைப் படம் பிடித்து மதிப்பெண் போட்டு, கூடவே க்ரீமும் விற்கும். விற்கிறவனிடம் நம் கணக்கைக் கொடுத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தினமும் என்னவெல்லாம் எழுத வேண்டும்?

குறைவாக எழுதுங்கள். முதல் வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவர்கள் மூன்றாம் வாரம் நோட்டையே தொலைத்துவிடுகிறார்கள். காலையில் பூசியது, இரவில் பூசியது, தோல் எப்படி இருந்தது, வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது. இந்த நான்கு போதும்.

என் பழைய நோட்டிலிருந்து மூன்று நாள்:

“செவ்வாய். காலை: வெறும் தண்ணீர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் 2 விரல். இரவு: பேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர். எரிச்சல் 1, அரிப்பு 0, பரு 3. லாரித் தண்ணீர் வந்தது.”

“புதன். காலை: அதே. மதியம் திரும்பப் பூசவில்லை. இரவு: ஒன்றும் இல்லை, அப்படியே தூங்கிவிட்டேன். எரிச்சல் 1, அரிப்பு 1, பரு 3.”

“வியாழன். காலை: அதே. கோயிலில் வெயிலில் ஒன்றரை மணி நேர வரிசை. எரிச்சல் 2, பரு 4. மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு.”

‘அதே’ என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாறாததைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஆனால் பூசாமல் விட்ட நாளைக் கட்டாயம் எழுதுங்கள். “ஒரு மாதமாய்ப் பூசுகிறேன், ஒரு பலனும் இல்லை” என்று அலுத்துக்கொண்ட என் சித்தி பெண்ணின் நோட்டை எண்ணிப் பார்த்தோம். முப்பது நாளில் பதினோரு நாள்தான் பூசியிருந்தாள். மருந்தின் மேல் குறை சொல்ல இடமே இல்லை.

தண்ணீரைப் பற்றி எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் ஒரே குழாயில் ஒரு நாள் ஆற்றுத் தண்ணீர், மறுநாள் போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடினத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாது, தோலில் படிந்து வறட்சியைக் கூட்டும். வெளியூர் போய்விட்டு வந்தால் முகம் மாறுகிறதே என்று வியக்கிறவர்கள் முதலில் அந்த ஊர்த் தண்ணீரை நினைத்துப் பார்க்கலாம்.

எவ்வளவு பூசினேன் என்பதையும் எழுதணுமா?

ஆமாம். பலர் தவறுவது இங்கேதான். ‘கொஞ்சம்’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். டாக்டர்கள் விரல்நுனி அளவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவர் ஒருவரின், விரல்களையும் சேர்த்து, இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ஆயின்மென்ட் பூசச் சொன்னால், எத்தனை விரல்நுனி என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.

சன்ஸ்க்ரீன் விஷயம் வேறு. ட்யூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்ற எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசிச் சோதித்துப் பார்த்தது. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவினால் அந்த எண்ணின் பாதுகாப்பு கிடைக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகம், கழுத்துக்கு ஏறக்குறைய சரியாக வரும்.

இதை நோட்டிலேயே சரிபார்க்கலாம். ட்யூப் திறந்த தேதியையும் தீர்ந்த தேதியையும் எழுதுங்கள். தினம் ஒரு முறை, ஒரு கிராமுக்குக் குறையாமல் பூசினால் 50 கிராம் ட்யூப் அதிகபட்சம் ஐம்பது நாள் வரும். என்னுடைய முதல் ட்யூப் ஐந்து மாதம் வந்தது! சிக்கனமாய் இருக்கிறேன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த ஐந்து மாதமும் முகம் வெயிலுக்குத் திறந்தே கிடந்திருக்கிறது.

திறந்த தேதியை ட்யூபின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். மூடி திறந்த டப்பா படத்துக்குள் 6 எம், 12 எம் என்று அச்சிட்டிருப்பார்கள். திறந்த பின் அத்தனை மாதம் வரை பயன்படுத்தலாம் என்று அர்த்தம்.

எரிச்சல் 1, அரிப்பு 2 என்று மதிப்பெண் போடுவது எதை வைத்து?

0 இல்லை. 1 இருக்கிறது, ஆனால் வேலையில் மறந்துவிடுகிறேன். 2 மறக்க முடியவில்லை. 3 தூக்கம் கெடுகிறது. பத்துக்கு எத்தனை என்று போடாதீர்கள். ஆறுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கே மறுநாள் தெரியாது.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. காணாக்கடி எனப்படும் தடிப்பு நோய்க்கு டாக்டர்களே இப்படித்தான் நோயாளியை எழுதச் சொல்கிறார்கள். தினமும் தடிப்புக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3. ஏழு நாளைக் கூட்டினால் 42க்கு ஒரு மதிப்பெண் வரும். மருந்து வேலை செய்கிறதா, அளவைக் கூட்டணுமா என்று அந்த வாரக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பார்கள். கரப்பான் வகைத் தோல் நோய்க்கும் ஒரு முறை உண்டு. போன வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை நாள் தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் கசிந்தது என்று ஏழு கேள்வி, மொத்தம் 28 மதிப்பெண். நோயாளி எழுதும் கணக்கை மருத்துவம் மதிக்கிறது என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய தெம்பு வந்தது.

புது க்ரீமோ சீரமோ சேர்க்கும்போது என்ன எழுத வேண்டும்?

ஒரு நேரத்தில் ஒன்றுதான். இதைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். தள்ளுபடியில் நான்கு பொருள் வாங்கி நான்கையும் ஒரே இரவில் திறந்தால், முகம் கெட்டாலும் எதனால் என்று தெரியாது, நன்றானாலும் எதனால் என்று தெரியாது.

புதியதை முதலில் முகத்தில் பூச வேண்டாம். முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், காலையும் இரவும், ஒரு வாரம் பூசுங்கள். பேஸ்வாஷ் மாதிரி கழுவிவிடும் பொருள் என்றால் வழக்கமாகத் தோலில் இருக்கும் நேரம் மட்டும் வைத்துக் கழுவுங்கள். சிவப்பு, அரிப்பு, பொரி எதுவும் இல்லையென்றால் பிறகு முகத்துக்கு. ஒரே நாள் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து ‘ஒத்துக்கொண்டது’ என்று எழுதாதீர்கள். ஒவ்வாமை சில சமயம் பல நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

நோட்டில் அந்த நாளுக்கு நேராகப் பக்க ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போடுவேன். பொருளின் முழுப்பெயர், அதில் என்ன மருந்து எத்தனை சதவீதம், தொகுதி எண், காலாவதி தேதி. அடுத்த நட்சத்திரத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இளம் வயதில் ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிறது, வயது கூடக்கூட இன்னும் நீளும். கண்ணுக்குத் தெரியும் பருவும் இன்று முளைத்தது இல்லை. தோலுக்குள் பல வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் பருவுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் பூச்சு மருந்துகளை எடைபோட 8 முதல் 12 வாரம் வேண்டும். ரெட்டினாய்டு எனப்படும் வைட்டமின் ஏ வகை மருந்து என்றால் முதல் சில வாரம் தோல் காய்ந்து உரிவது சகஜம். அந்த வாரங்களில்தான் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ‘வாரம் 3: உரிகிறது, எரிச்சல் 1. வாரம் 6: உரிவது நின்றது’ என்று எழுதி வைத்தால் பொறுத்துக்கொள்ள மனசு வரும். எரிச்சல் 2க்கு மேல் போனால் பொறுக்க வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

பரு ஆறிய இடத்துக் கரும்புள்ளி மாதக் கணக்கில் இருக்கும். நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அது இயல்பு. மங்கு இன்னும் பிடிவாதக்காரன், மறைந்தது போல் இருந்து சித்திரை வெயிலில் திரும்பி வருவான்.

கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்கு முயற்சி செய்பவர்கள் ரெட்டினாய்டு எதையும் டாக்டரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

இன்று அரிக்கிறது. நேற்றுப் பூசியதுதானே காரணம்?

அப்படி உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எரிச்சல் என்பது வேறு, ஒவ்வாமை என்பது வேறு. காரமான ஒன்றைப் பூசினால் வரும் எரிச்சல் சில நிமிடத்திலேயே தெரியும். தொடு ஒவ்வாமையோ பொருள் பட்ட பிறகு ஒன்று முதல் மூன்று நாள் வரை கழித்து வரும். தோல் டாக்டர்கள் முதுகில் ஒட்டுச் சோதனை செய்யும்போது 48 மணி நேரம் கழித்து ஒட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஓரிரண்டு நாள் கழித்து மறுபடியும் வரச் சொல்வது அதனால்தான். ஆக, வெள்ளிக்கிழமை அரித்தால் நோட்டில் செவ்வாய்க்கிழமை வரை பின்னோக்கிப் படியுங்கள்.

இன்னொன்று, வருடக் கணக்காய்ப் பயன்படுத்தும் பொருளும் ஒரு நாள் ஒவ்வாமையாக மாறலாம். “இத்தனை வருஷமா போடுறேன், இதுவா செய்யும்?” என்று அம்மா தலைச்சாயத்துக்கு வக்காலத்து வாங்கினார். நெற்றி ஓரமும் காது மடலும் மாதம் ஒரு முறை கறுத்து அரித்தன. அவருக்காக நான் தனிப் பக்கம் போட்டு எழுதினேன். மூன்று முறையும் சாயம் போட்ட இரண்டாம் நாள். டாக்டர் சோதித்து, சாயத்தில் கருமைக்காகச் சேர்க்கும் பிபிடி என்ற பொருள்தான் என்று உறுதி செய்தார். ‘இயற்கை மருதாணி’ என்று விற்கும் கறுப்புப் பொடிகள் பலவற்றிலும் அதே பிபிடி கலந்திருக்கிறது. இதை அம்மாவின் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

முகத்தில் வருவதற்கு முகத்தில் பூசியது மட்டும் காரணமாக இருக்காது. கண் இமை தடித்து அரித்தால் நகப்பூச்சைச் சந்தேகிக்கலாம், பூச்சுப் போட்ட நகத்தால் இமையைத் தேய்க்கிறோமே. நெற்றியோரப் பருக்களுக்குத் தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிவது காரணமாகலாம். கழுத்தில் கவரிங் சங்கிலியின் நிக்கல், இடுப்பில் பாவாடை நாடாவின் இறுக்கம். பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாகத் தேமல் போல் விழுந்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையை உடனே நிறுத்துங்கள். சில பசைகளில் இருக்கும் ஒரு ரசாயனம் தோலின் நிறமிச் செல்களையே அழித்துவிடும். அந்த வெள்ளை எளிதில் திரும்பாது. என் பெரியம்மாவுக்கு இன்றும் இருக்கிறது.

கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சை, இதையெல்லாமா எழுதுவது?

கட்டாயம். ‘நான் ஒன்றும் பூசுவதில்லை, வீட்டு மாவுதான்’ என்று சொல்கிறவர்களின் முகத்தில் ஐந்து பொருள் ஏறியிருக்கும். பயத்தமாவு, நலங்கு மாவில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன், மெதுவாகத் தேய்த்தால். எலுமிச்சைச் சாற்றை மட்டும் முகத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அது புளிப்பால் எரிக்கும், அது ஒரு புறம். அதிலுள்ள ஒரு பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்த மாதிரி சிவந்து, கொப்புளித்து, பிறகு கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு போக மாதங்கள் ஆகும்.

போட்டோ எடுக்கலாமா?

வாரம் ஒன்று. தினமும் வேண்டாம். அதே ஜன்னல், அதே நேரம், முகம் கழுவிக் கால் மணி நேரம் கழித்து, பிளாஷ் இல்லாமல். நேராக ஒன்று, இடம் வலம் ஒன்றொன்று. மொபைல் கேமராவில் அழகூட்டும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணைத்துவிடுங்கள். எனக்கு இது தெரியாமல் இரண்டு மாதப் படங்கள் வீணாயின. என் எரிச்சலையெல்லாம் மொபைலே துடைத்து வைத்திருந்தது.

சாப்பாடு, தூக்கம், மாதவிடாய்?

மாதவிடாய் தேதியை வட்டமிடுங்கள். பலருக்கு அதற்கு முந்தைய வாரம் தாடையில் பரு கிளம்பும். மூன்று மாதம் எழுதினால் உங்களுக்கே தெரிந்துவிடும், அந்த வாரம் புதிதாக எதையும் திறந்து குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். மாதம் தள்ளிப்போவது, மோவாயில் முடி வளர்வது, விடாத பரு மூன்றும் சேர்ந்து வந்தால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில் எல்லாவற்றையும் எழுதினால் கைவலிதான் மிச்சம். இனிப்பு, மைதா போல் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவும், பாலும், உடற்பயிற்சிக்காகக் குடிக்கும் புரதப் பொடியும் சிலருக்குப் பருவைத் தூண்டுகின்றன. எல்லோருக்கும் இல்லை. சந்தேகம் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

வெயிலை எழுதுங்கள். வானிலை ஆப்பில் புற ஊதாக் குறியீடு என்று ஒரு எண் இருக்கும். அது 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் ஊர்க் கோடையின் உச்சி வேளையில் அது 11ஐத் தாண்டுவது புதிதல்ல.

‘நிறம்’ என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாமா? எவ்வளவு வெளுத்திருக்கிறேன் என்று தெரிய வேண்டாமா?

வேண்டாம். என் நோட்டில் அந்தக் கட்டம் கிடையாது, என்னிடம் கேட்டு நோட்டு தொடங்கிய யாரையும் போட விடுவதில்லை. எரிச்சல், அரிப்பு, வறட்சி, பரு, புண் இவையெல்லாம் தோல் நம்மிடம் சொல்லும் செய்தி. நிறம் பிறவியில் வந்தது. அதைத் தினமும் அளக்க ஆரம்பித்தால் கை தானாக ஒரு டப்பாவைத் தேடும். எனக்கு அப்படித்தான் ஆனது. பொண்ணு பார்க்க வருகிறார்கள், கல்யாணம் வருகிறது, “வெயில்ல சுத்திக் கறுத்துட்டியே” என்று யாரோ சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் தொடங்கி ஏழு மாதம் என் தோலைக் கரைத்தேன்.

பெயரில்லாத வெளுப்பு க்ரீம்களில் இருப்பது பெரும்பாலும் சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் வீரியமான ஸ்டீராய்டு, அல்லது ஹைட்ரோகுயினோன் என்ற வெளுப்பு மருந்து, சிலவற்றில் பாதரசம். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ரெட்டினாய்டு வகையான ட்ரெட்டினாயின் மூன்றையும் சேர்த்து 1975இல் க்ளிக்மன் என்ற தோல் மருத்துவர் ஒரு கலவையை எழுதினார். மங்குக்கு, டாக்டர் பார்வையில், சில வாரம் மட்டும் பயன்படுத்த நல்ல மருந்துதான் அந்த வகை. அதையே மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், பரு வெடிக்கும், பெண்கள் முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் எரியும். ஹைட்ரோகுயினோனை நீண்ட காலம் பூசினவர்களுக்கு முகம் நீலக் கறுப்பாக மாறியதும் உண்டு. பாதரசம் தோலோடு நிற்காது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் வெளுப்பு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை 2023இல் மருத்துவர்கள் கவனித்தார்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை என்று வந்தவர்களிடம் விசாரித்தபோதுதான் முகத்து க்ரீம் வெளியே வந்தது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட் நன்றாகக் கேட்கிறது. அதையும் எழுதணுமா?

முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டு. 2018இல் இந்திய அரசு இப்படிப்பட்ட பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. இருந்தும் ‘அரிப்பு ட்யூப்’ என்று கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. படர்தாமரைக்கு இதைப் பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சை உள்ளே சந்தோஷமாய்ப் பரவும். வட்டம் கலைந்து, டாக்டருக்கே அடையாளம் தெரியாத உருவத்தில் தொடை, இடுப்பு என்று போய் நிற்கும். நீண்ட நாள் பூசிக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் நோட்டை அப்படியே நீட்டலாமா?

காத்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள், நாற்பது பக்கம் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. ஒரு தாளில் சுருக்கி எடுத்துப் போங்கள். எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கி எங்கே பரவியது, பூசியவை தேதியோடு, எதனால் கூடுகிறது எதனால் குறைகிறது, சாப்பிடும் மாத்திரைகள், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா. காலி ட்யூப்களையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பார்லர் க்ரீமை மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்று நானும் பயந்தேன். அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார்.

பதினைந்து வயது மகளை எழுதச் சொல்லலாமா?

அவளே கேட்டால் நோட்டு வாங்கிக் கொடுங்கள், பிறகு அதைத் திறந்து பார்க்காதீர்கள். மகனுக்கும் இதேதான், பையன்கள் பருவைப் பற்றி வாய் திறக்காமல் உள்ளுக்குள் நொந்துகொள்வார்கள். பேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் தவிர அந்த வயதில் வேறொன்றும் கடையில் பார்த்து வாங்கத் தேவையில்லை. தழும்பு விழும் அளவு பரு இருந்தால் ‘வயசுக் கோளாறு, தானா போகும்’ என்று காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தழும்பு தானாகப் போகாது.

எழுத எழுதக் கவலைதான் கூடுகிறது. என்ன செய்ய?

நோட்டை ஒரு வாரம் மூடி வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு பருவையும் பூதக்கண்ணாடியில் பார்க்கிறோம், கிள்ளுகிறோம், முகத்தை நினைத்து வெளியே போகாமல் தவிர்க்கிறோம் என்றால் நோட்டு உங்களுக்கு உதவவில்லை. வாரத்துக்கு ஒரு வரியாகக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் மனசு முகத்தையே சுற்றிக்கொண்டிருந்தால் மனநல மருத்துவரிடம் பேசுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

நடுவில் ஒரு வாரம் எழுதாமல் விட்டுவிட்டேன்.

விட்டதை யோசித்து நிரப்பாதீர்கள். வெற்றாக விட்டு, இன்றிலிருந்து எழுதுங்கள்.

எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஓட வேண்டியது எப்போது?

உதடு, கண், நாக்கு வீங்கி மூச்சு முட்டினால். புது மாத்திரை தொடங்கிய சில வாரத்துக்குள் காய்ச்சலோடு தடிப்பும் வாய்ப்புண்ணும் வந்தால், தோல் கொப்புளித்து உரிந்தால். கண்ணைச் சுற்றி அக்கி போல் கொப்புளம் வந்தால். சிவந்த இடம் சூடாகி, வலித்து, மணிக்கு மணி பரவினால். அன்று கையில் எடுத்துப் போக வேண்டியது மாத்திரை அட்டையைத்தான், நோட்டை இல்லை.

எவ்வளவு காலம் எழுத வேண்டும்?

பிரச்சினை உள்ளவரை தினமும், அடங்கிய பின் மாற்றம் வரும்போது மட்டும். என் முகம் எரியாமல் சமைக்க எட்டு மாதம் ஆனது. இப்போது மாதத்துக்கு நான்கைந்து வரிதான் எழுதுகிறேன், அக்னி நட்சத்திரத்தில் கொஞ்சம் கூடும். நோட்டு தீர்ந்தால் கடைசிப் பக்கத்தை மட்டும் புது நோட்டுக்குப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். எனக்கு ஆகாதவற்றின் பட்டியல் அது: நறுமணம் சேர்த்த மாய்ஸ்சரைசர், கவரிங் தோடு, பெயர் ஒட்டாத டப்பா எதுவும். அதே பக்கத்தைப் படம் எடுத்து மொபைலிலும் வைத்திருக்கிறேன், போன மாதம் அம்மாவுக்கும் ஒன்று எழுதி அவர் பர்ஸில் மடித்து வைத்தேன்.